சுழியிலிருந்து சுழி வரை

மாரிபோர் மருத்துவமனையின் கீழ்த்தளம்,
சலவை அறைக்கு அடுத்த கதவு.
ஈரத்துணியின் சூடு சுவர் தாண்டி வரும்.
என் நாற்காலி அங்கே.

மூன்றாம் மாடியிலிருந்து
படியில் இறங்கி வந்தார் டாக்டர் ஃபெர்லிங்க்.
வால்வு மாற்றும் புது முறை.
இருபத்துமூன்று பேர்.
ஒருவருக்கும் பக்கவாதம் இல்லை.
"கையேட்டுக்கு ஒரு வரி கொடு, நெஷா,
நம்பிக்கை இடைவெளியோடு."

வழக்கமான சூத்திரத்தை ஓட்டினேன்.
சுழியிலிருந்து சுழி வரை, என்றது திரை.
மேல் எல்லையும் கீழ் எல்லையும்
ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டன.
இடைவெளியே இல்லாத இடைவெளி,
தலைமேல் தொண்ணூற்றைந்து என்று பட்டம் வேறு.

அவருக்கு மகிழ்ச்சி.
எனக்கு திராவா ஆறு ஞாபகம் வந்தது:
மேலே சுழி தெரியாத இடத்தில்தான்
என் அண்ணன் நீந்த மாட்டான்.

அன்றிரவு ஒரு பொய் மாரிபோரைக் கட்டினேன்.
அங்கே ஆபத்து நூற்றுக்கு நான்கு.
நானே எழுதி, நானே ஒளித்த உண்மை.
இப்படிக் கையில் விடையை வைத்துக்கொண்டு
கேள்வி கேட்கும் வசதி
மூன்றாம் மாடியில் யாருக்கும் இல்லை.

பத்தாயிரம் மருத்துவமனைகள்,
ஒவ்வொன்றிலும் இருபத்துமூன்று படுக்கை.
அறுவை நடந்தது, சிலர் விழுந்தார்கள்,
பலர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.
அழ ஒருவரும் இல்லை. எண்கள்தானே.
ஒவ்வொரு வாசலிலும் மூன்று முறைகளை நிறுத்தி
ஒரே கேள்வி:
உன் எல்லைக்குள் அந்த நான்கு இருக்கிறதா?

சலவை இயந்திரம் நின்றபோது விடை வந்தது.

பாடநூலின் செல்லப்பிள்ளை,
இரண்டு வரியில் முடிகிற சூத்திரம்:
ஆறாயிரத்து எண்பத்தேழு முறை ஆம்.
தொண்ணூற்றைந்து என்று சத்தியம் செய்துவிட்டு
அறுபத்தொன்றைக் கொடுத்தது.
பத்தில் நான்கு மருத்துவமனைகளில் ஒருவரும் விழவில்லை;
அத்தனையிலும் அது சுழி, சுழி என்று சாதித்தது.

கடைசியில் நின்றது பயந்த சுபாவம்.
ஒன்பதாயிரத்து எண்ணூற்று எழுபத்துநான்கு.
பாராட்டத் தோன்றும்; கொஞ்சம் பொறுங்கள்.
அகல விரித்தால் எதுவும் உள்ளே விழும்.
'சுழி முதல் நூறு வரை' என்பவன்
ஒருநாளும் பொய்த்ததில்லை,
அவனிடம் யாரும் வழி கேட்பதும் இல்லை.

நடுவில் நின்றது ஒன்பதாயிரத்து முந்நூற்று எண்பத்தொன்று.
சொன்னதற்குச் சற்றுக் குறைவு.
கடன் வாங்கி முக்கால்வாசி அல்ல,
முழுசுக்கு ஒரு ரூபாய் குறையத் திருப்பித் தருகிறவர்போல.
அதையே எடுத்துக்கொண்டேன்.
நான்குக்குப் பதில் இரண்டு என்று ஒளித்திருந்தால்?
ஏழு என்றால்?
அதையும் ஓட்டினேன். விடியும் வரை ஓட்டினேன்.

காலையில் டாக்டருக்கு எழுதிக் கொடுத்தது:
சுழியிலிருந்து பதினான்கு புள்ளி மூன்று வரை.

"பதினான்கா! ஒருவர்கூட விழவில்லையே!"
"இருபத்துமூன்று பேர்தானே, டாக்டர்."
அவர் காகிதத்தை மடித்த விதத்தில்
இனி என்னோடு காபி குடிக்க மாட்டார் என்று தெரிந்தது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தைத் தேடி
தவறி என் கதவைத் தட்டியவர் சில்வோ ஸோர்கோ,
ஆறாம் எண் பேருந்தின் ஓட்டுநர்,
இருபத்துநான்காமவர்.
கையில் அந்தக் கையேடு.
"இந்தத் தொண்ணூற்றைந்து, எனக்கா?"

இல்லை என்றேன்.
அது முறையின் நன்னடத்தைச் சான்று,
பத்தாயிரம் தடவை கவனித்து நான் போட்ட கையெழுத்து.
இந்த ஒரு வரிக்குள் உண்மை இருக்கலாம்,
இல்லாமலும் போகலாம்;
எது என்று காகிதத்துக்கும் தெரியாது.

சற்று நேரம் சலவையின் இரைச்சலைக் கேட்டார்.
"என் பேருந்தும் அப்படித்தான்," என்றார்.
"நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நாள் நேரத்துக்கு வரும்.
நிறுத்தத்தில் நிற்பவளுக்கு
இன்றைக்கு வருமா என்பதுதான் கேள்வி."
பரிசோதனைக் கூடத்துக்கு வழி காட்டினேன்.

வியாழக்கிழமை அறுவை.
ஸோர்கோ நலம்.
அது எதையும் நிரூபிக்கவில்லை.

கீழ்த்தளத்தில் ஒரு எண்ணை மாற்றி எழுதினேன்:
மேல் எல்லை, பதின்மூன்று புள்ளி எட்டு.
ஒரு மனிதர் கண் விழித்ததற்கு
அரை சதவீதம்.